வண்ணமீன் கடையில் ஏமாற்றமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பல வருடமாக மீன் வளர்ப்பதால், தெரிந்தவர்கள் தொட்டியில் ஏதாவது கோளாறு என்றால் முதலில் எனக்குத்தான் போன் செய்வார்கள். பேச்சு மீனில் ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் கடையில் வந்து நிற்கும்: என்ன சொல்லி விற்றார்கள், செத்ததும் என்ன பதில் சொன்னார்கள். அப்படி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சென்னையையும், அங்கே வண்ணமீன் சந்தை இருக்கும் கொளத்தூரையும் மனதில் வைத்து எழுதியது. வெளியூர்க் கடைகள் பலவும் கொளத்தூரில்தான் லோடு எடுக்கின்றன என்பதால் மற்ற ஊர்க்காரர்களுக்கும் பொருந்தும்.

நேற்று வாங்கிய மீன் இன்று செத்துவிட்டது. தப்பு கடையிலா, என் தொட்டியிலா?

எப்போது செத்தது, எதெல்லாம் செத்தது என்ற இரண்டையும் வைத்தே பாதி சொல்லிவிடலாம்.

தொட்டியில் விட்ட சில மணி நேரத்திலேயே மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, நிலைதடுமாறி விழுந்தால், பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். குழாய்த் தண்ணீரில் குளோரின் போகாமல் இருந்திருக்கலாம். கடைத் தண்ணீருக்கும் வீட்டுத் தண்ணீருக்கும் சூட்டிலோ உப்புத்தன்மையிலோ பெரிய வித்தியாசம் இருந்திருக்கலாம்.

பழைய மீன்கள் நன்றாக இருக்க, புதிதாக வந்தவை மட்டும் இரண்டு மூன்று நாளில் துடுப்பை மடக்கிக்கொண்டு, மூலையில் ஒதுங்கி, ஒவ்வொன்றாகப் போனால் அது கடையிலிருந்தே வந்த நோய் அல்லது பயணக் களைப்பு. அப்புறம் ஒரு வாரத்தில் பழைய மீன்களுக்கும் தொற்றினால் சந்தேகமே வேண்டாம்.

தொட்டியே புதுசு, மீனும் புதுசு, மூன்றாம் நாளிலிருந்து வரிசையாகச் சாகின்றன என்றால் அம்மோனியா. இதைப் பற்றி அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வரும் புகார்களில் அதிகம் இதுதான்.

கடைக்குப் போய்ப் பேசுவதற்கு முன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் கடைகளிலேயே கிடைக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். இரண்டும் பூஜ்யம், பழைய மீன்களும் நலம் என்றால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. அந்த நிறம் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி, ஃபில்டர், மீன் எல்லாம் ஒரே நாளில் கொடுத்துவிட்டார்கள். அது சரியா?

சரியில்லை. மீன் கடைகள் வாடிக்கையாளருக்குச் செய்யும் கெடுதல்களில் இதுதான் பெரியது என்பது என் உறுதியான கருத்து. நோய் பிடித்த மீனை விற்பதுகூடச் சில சமயம் கடைக்காரருக்கே தெரியாமல் நடக்கலாம். இது தெரிந்தே நடப்பது.

மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியா ஆகும். அம்மோனியா மீனின் செவுளை அரித்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியில், ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதுத் தொட்டியில் அந்த நுண்ணுயிரிகள் கிடையாது. அவை போதுமான அளவு வளர 4 முதல் 6 வாரம் ஆகும். தண்ணீர் பார்க்கக் கண்ணாடியாக இருக்கும், அதற்குள் மீன் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். சின்னப் பெண்ணோடு ஒரு அப்பா வந்தார். 2 அடி நீளம், அகலமும் உயரமும் 1 அடி உள்ள தொட்டி, அதாவது சுமார் 56 லிட்டர், மூடி, லைட், ஏர் பம்ப், நீலக் கல் எல்லாம் எடுத்தாயிற்று. குழந்தை கோல்டு ஃபிஷ் இருந்த கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. "எத்தனை விடலாம்ணே?" என்று அப்பா கேட்டார். "தாராளமா இருபது விடலாம் சார், ஏர் பம்ப் இருக்குல்ல" என்றார் கடைக்காரர். கடைப் பையன் வலையை விட்டு இருபதை அள்ளி, பாக்கெட்டில் போட்டு, ஆக்சிஜன் ஏற்றி ரப்பர் பேண்டைச் சுற்றினான். தொட்டி எப்போது வைத்தீர்கள், எந்தத் தண்ணீர், போர்வெல்லா மெட்ரோ குழாய்த் தண்ணீரா, இதில் ஒரு கேள்வியும் இல்லை. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இன்று தொட்டியை மட்டும் கொண்டுபோங்கள் என்று சொன்னேன். குழந்தை அழும் என்றார். மூன்று மீனோடு போனார்.

கோல்டு ஃபிஷ் அதிகம் தின்று அதிகம் கழிவு போடும் மீன். வளர்ந்தால் ஒவ்வொன்றும் கைநீளம் வரும். 56 லிட்டரில் ஒன்று வைத்தாலே நெருக்கம்தான். இருபது என்று சொன்னவர் அந்தத் தொழிலில் ஊறியவர், அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

நல்ல கடை எப்படி இருக்கும் என்றால், தொட்டியை விற்றுவிட்டு, "தண்ணி ஊத்தி ஃபில்டரை ஓட விடுங்க, மீனுக்கு அப்புறம் வாங்க" என்று அனுப்பும். கேட்டால் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சைக் கொடுக்கும் கடைகளும் உண்டு. அந்த ஸ்பாஞ்ச் காத்திருக்கும் காலத்தைப் பெரிதும் குறைத்துவிடும். நோய் இல்லாத தொட்டியின் ஸ்பாஞ்சாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாட்டிலில் பாக்டீரியா ஊற்றினால் அன்றைக்கே மீன் விடலாம் என்றார்களே?

உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி இருபது மீன் விட முடியாது. வெயிலில் கிடந்த பாட்டிலில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது. ஊற்றிய பிறகும் தண்ணீரைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏற்கெனவே மீன் விட்டாயிற்று. இப்போது என்ன செய்வது?

தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் ஒரு சிட்டிகை. தினமும் நாலில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை ஊற்றுங்கள். ஃபில்டரை அணைக்கவே கூடாது, ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவவும் கூடாது. கழுவியே ஆக வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் போதும்.

கடைக்குள் நுழைந்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

விற்பனைக்கு வைத்திருக்கும் அழகான மீனைப் பார்ப்பதற்கு முன், அந்தத் தொட்டியின் அடியையும் மூலையையும் பாருங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரின் பின்னால், கல்லுக்கு நடுவில் செத்த மீன் ஒட்டிக்கிடக்கிறதா? ஒன்று கிடந்தால் பரவாயில்லை, காலையில் செத்திருக்கும் என்று விடலாம். வெளுத்து, பாதி கரைந்து கிடந்தால் அது ஒரு நாளுக்கு மேல் ஆன உடல். யாரும் தொட்டியைக் கவனிக்கவில்லை.

தண்ணீர் நீலமாகவோ மஞ்சள் பச்சையாகவோ இருந்தால் மருந்து போட்டிருக்கிறார்கள். நீலம் என்றால் மெத்திலீன் ப்ளூ. புது லோடு வந்ததும் முன்னெச்சரிக்கையாகப் போடுவது கடைகளில் வழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் அந்தத் தொட்டி மீனை அன்றைக்கு வாங்காதீர்கள். மருந்தில் இருக்கும் மீனை விற்பவர் உங்கள் தலையில் நோயைக் கட்டுகிறார்.

எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலையா என்று பாருங்கள். ஒரு தொட்டியில் வெள்ளைப் புள்ளி நோய் இருந்து, அதே வலையை அடுத்த தொட்டியில் விட்டால் கடை முழுக்கப் பரவும். மருந்துத் தண்ணீர் வாளியில் வலையை முக்கி எடுக்கும் கடையைப் பார்த்தால் அங்கே தயங்காமல் வாங்கலாம்.

மீனில் பார்க்க வேண்டியது: துடுப்பு விரிந்திருக்க வேண்டும், வயிறு ஒட்டியிருக்கக் கூடாது, கண் மங்கியிருக்கக் கூடாது, செதில்கள் நிமிர்ந்து நிற்கக் கூடாது. கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். போட்டவுடன் ஓடிவரும் மீன்தான் வீட்டுக்கு வந்தாலும் சாப்பிடும். தீனி போட மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி: "அண்ணே, இந்த லோடு எப்ப வந்தது?" பண்ணையிலிருந்து மொத்த வியாபாரி, அவரிடமிருந்து சில்லறைக் கடை, அங்கிருந்து நீங்கள். ஒவ்வொரு கைமாறலிலும் மீன் ஒரு பாக்கெட்டில் அடைபட்டு வந்திருக்கிறது. சாகிறவை பெரும்பாலும் முதல் வாரத்திலேயே செத்துவிடும். ஒரு வாரம் கடையில் தாங்கிய மீன் உங்கள் வீட்டிலும் தாங்க வாய்ப்பு அதிகம். பிடித்த மீன் நேற்று வந்த லோடு என்றால், முன்பணம் கொடுத்து வைத்துவிட்டு அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன.

அடுத்து, கடையில் ஓடுவது எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். அப்புறம் என்ன தீனி. இந்த இரண்டுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் மற்றதையும் கேட்கலாம்.

உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்கும் கடைதான் நம்பத் தகுந்த கடை. தொட்டி எவ்வளவு பெரியது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, "இது அதோட சேராது, வேணாம்" என்று விற்பனையை விட்டுக்கொடுப்பவர் கொஞ்சம் விலை கூட்டிச் சொன்னாலும் அவரிடமே வாங்குங்கள்.

"இதுக்கு மேல வளராது" என்று சொல்லி விற்றார்கள். இப்போது தொட்டி போதவில்லை.

தொட்டியின் அளவுக்கு ஏற்ப மீன் வளரும் என்பது கடைகளில் அடிக்கடி காதில் விழும் பொய். சின்னத் தொட்டியில் மீன் வளர்ச்சி குன்றி, முதுகு வளைந்து, ஆயுள் முடிவதற்குள் செத்துப்போகும். அதைத்தான் வளரவில்லை என்கிறார்கள்.

ஷார்க் என்று விரல் நீளத்தில் விற்கும் மீனில் ஒரு வகை பங்காசியஸ் கெளுத்தி. தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் ஆற்று மீன், உணவுக்காகவே பண்ணைகளில் வளர்க்கப்படுவது. முழு வளர்ச்சியில் 1 மீட்டரைத் தாண்டும். ஆஸ்கர் மீன் ஓர் அடி வரும். பாசி தின்னும் என்று கையில் திணிக்கும் சக்கர் மீன் ஒன்றரை அடி வரை போகும், பெரிதானபின் பாசியைவிடக் கழிவுதான் அதிகம். பிரானா என்று ரகசியமாகக் காட்டுவது பெரும்பாலும் பாகு என்ற வேறு மீன். அதுவும் வீட்டுத் தொட்டிக்கு அடங்காத மீன்தான்.

எந்த மீனாக இருந்தாலும் பெயரைக் கேட்டுப் போனில் தேடி, முழு வளர்ச்சி எவ்வளவு என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

கலர் கலராக வாங்கிய மீன்கள் வெளுத்துப்போய்விட்டன. நோயா?

சாயம் போயிருக்கும். கண்ணாடி மீன் என்று ஒன்று உண்டு, நம் நாட்டு ஆறு குளங்களிலேயே இருப்பது, உடல் வழியாக எலும்பு தெரியும். அதற்கு ஊசியால் சாயம் ஏற்றி ரோஸ், பச்சை, ஆரஞ்சு என்று விற்பார்கள். விடோ டெட்ரா மாதிரி மீன்களைச் சாயத்தில் முக்கியும் எடுப்பார்கள். சில மாதத்தில் நிறம் போய்விடும். இந்தக் கொடுமையைத் தாங்கிப் பிழைத்த மீனுக்கு நோய் எதிர்ப்பும் குறைந்திருக்கும். இயற்கையில் இல்லாத பளீர் நிறத்தில் வரிசையாக ஒரே வகை மீன் நின்றால் வாங்காதீர்கள். வாங்குகிறவர் இருக்கும் வரை ஊசி போடுகிறவரும் இருப்பார்.

ஃபைட்டர் மீனைச் சின்ன டப்பாவிலேயே வைக்கலாம் என்றார்கள்?

ஃபைட்டர் மேலே வந்து காற்றை நேரடியாக உறிஞ்சும். அதனால் சின்ன டப்பாவில் உடனே சாகாது. கடையில் தனித்தனியாக வைப்பது ஆண் மீன்கள் சண்டை போடும் என்பதற்காக, சில நாளைக்கு. வீட்டில் குறைந்தது 15, 20 லிட்டர் கொடுங்கள், மூடியோடு, ஏனென்றால் குதிக்கும்.

உடம்பில் வெள்ளைப் புள்ளி. கடையில் ஒன்று மாற்றி ஒன்றாக மருந்து கொடுக்கிறார்கள், போகவே இல்லை.

ரவை தூவியது போல உடலிலும் துடுப்பிலும் புள்ளிகள் இருந்தால் இக் எனப்படும் வெள்ளைப் புள்ளி நோய். ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. பழுத்து, மீனைவிட்டு உதிர்ந்து, கல்லில் ஒட்டிப் பல குஞ்சுகளாகப் பிரிந்து, நீந்தி வேறு மீனைத் தேடும். அப்படி நீந்தும்போது மட்டும்தான் மருந்து கொல்லும்.

ஆகவே இரண்டாம் நாள் புள்ளி போகவில்லை என்று கடைக்குப் போனால், அவர் இன்னொரு பாட்டில் கொடுப்பார். நான்காம் நாள் புள்ளி மறைந்ததும் நீங்கள் நிறுத்தினால் அடுத்த வாரம் திரும்ப வரும். ஒரே மருந்தை, பாட்டிலில் போட்ட அளவில், புள்ளி மறைந்த பிறகும் சில நாள் தொடர வேண்டும். ஹீட்டர் வைத்து மெல்ல 30 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஒட்டுண்ணியின் சுற்று வேகமாக முடியும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அதனால் ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள். மருந்துகளைக் கலந்து ஊற்றுவதுதான் நோயைவிட மோசம்.

புது மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேர்த்தால் இந்தப் பாடே இல்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து எப்படி விடுவது? கடையில் "அப்படியே ஊத்திடுங்க" என்றார்கள்.

ஊற்ற வேண்டாம். பாக்கெட்டை மூடியபடியே 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள், சூடு சமமாகட்டும். பிறகு திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் சாக்கடைக்கு.

வெளியூரிலிருந்து பல மணி நேரம் பாக்கெட்டில் வந்த மீனுக்கு முறை வேறு. அடைத்த பாக்கெட்டில் மீன் விடும் கரியமில வாயுவால் தண்ணீரின் அமிலத்தன்மை கூடியிருக்கும், அதனால் சேர்ந்திருக்கும் அம்மோனியா அதிகம் கெடுக்காமல் இருக்கும். திறந்ததும் வாயு வெளியேறி, அமிலத்தன்மை குறைந்து (அதாவது பி.எச். ஏறி), அதே அம்மோனியா விஷமாகிவிடும். எனவே திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடாதீர்கள். மூடியபடி மிதக்கவிட்டு, திறந்ததும் சீக்கிரம் மாற்றிவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி: மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் சொட்டு போட்டே ஆக வேண்டும். சென்னையின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் கடினமானது. கப்பி, மோலி, பிளாட்டி மீன்களுக்கு அது பிடிக்கும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை அமேசானின் மென்மையான தண்ணீரைச் சேர்ந்தவை. கடையில் ஆர்.ஓ. கலந்த தண்ணீரில் வைத்துவிட்டு, போர்வெல் வீட்டுக்கு எதுவும் சொல்லாமல் கொடுத்தால் அதுவும் கடையின் தவறுதான்.

ஆண் பெண் ஜோடி என்று பணம் வாங்கிவிட்டு இரண்டும் ஆணாகக் கொடுத்துவிட்டார்கள்.

கப்பியில் பார்த்தாலே தெரியும், ஆண் சின்னது, வால் வண்ணமயமாக இருக்கும், பெண் வயிறு பெருத்து இருக்கும். அதைத் தப்பாகக் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். ஏஞ்சல் மீன் குஞ்சில் ஆண் பெண் பிரிக்க யாராலும் முடியாது. நிச்சய ஜோடி என்று அதிக விலை சொன்னால், முட்டையிட்ட ஜோடியா என்று கேளுங்கள்.

தொட்டி ஒழுகுகிறது. "எடுத்துட்டுப் போறப்ப தட்டியிருப்பீங்க" என்கிறார்கள்.

ஒட்டு வேலை கடையுடையது. சிலிக்கான் விட்ட இடத்தில் கசிந்தால் சரிசெய்து தர வேண்டியது அவர்கள். கண்ணாடியில் விரிசல் என்றால்தான் வாக்குவாதம் வரும். வாங்கும்போதே, தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்த தொட்டியைக் கேளுங்கள். வீட்டில் சமமான மேசை, அடியில் தெர்மோகோல். 2 அடி தொட்டியிலேயே தண்ணீர் மட்டும் 56 கிலோ, ஒரு மூலை தாழ்ந்தாலும் ஒட்டு விரியும்.

"உயிருள்ள பொருள், வெளியே போயிட்டா கேரண்டி கிடையாது" என்கிறார்கள். அதோடு முடிந்ததா?

முடியவில்லை. உங்கள் வீட்டுத் தண்ணீருக்குக் கடை பொறுப்பேற்க முடியாது, அந்த அளவில் அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் நோயுள்ள மீனை நல்ல மீன் என்று விற்பது, சாயமேற்றியதை இயற்கை நிறம் என்பது, 1 மீட்டர் வளர்வதை வளராது என்பது ஆகியவற்றுக்கு உயிருள்ள பொருள் என்ற வாசகம் கவசம் ஆகாது.

2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பில் தர மறுப்பதையும், குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதையும் அது நியாயமற்ற வணிக முறை என்று சொல்கிறது. திரும்பத் தரும் காலம் பில்லில் குறிப்பிடப்படவில்லை என்றால் 30 நாள் என்று வைத்திருக்கிறது. வாங்கும்போதே குறை இருந்தது என்று காட்ட வேண்டியது நம் வேலை, அதற்குத்தான் போட்டோவும் சோதனையும்.

ஜிபே ரசீது இருக்கிறது, பில் இல்லை. போதுமா?

பணம் கொடுத்தீர்கள் என்பதற்குப் போதும். என்ன வாங்கினீர்கள் என்பது அதில் இருக்காது. துண்டுச் சீட்டானாலும் மீனின் பெயர், எண்ணிக்கை, தேதி எழுதி வாங்குங்கள். மறந்துவிட்டால் அன்றைக்கே வாட்ஸாப்பில் "இன்று இத்தனை டெட்ரா வாங்கினேன்" என்று கடை எண்ணுக்கு ஒரு செய்தி போட்டுவிடுங்கள். அதற்கு அவர் சரி என்று பதில் போட்டாலே ஒரு சான்று.

கடையில் போய் எப்படிப் பேசுவது?

செத்த மீனைக் கவரில் போட்டு, தொட்டித் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் எடுத்துக்கொண்டு, மறுநாளே போங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் போனால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள், வாரநாள் காலை நல்லது. வேலை செய்யும் பையன்களிடம் கோபப்படாதீர்கள், முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. முதலாளியைக் கேளுங்கள்.

"அண்ணே, சனிக்கிழமை உங்ககிட்ட பத்து டெட்ரா எடுத்தேன். ஆறு போயிடுச்சு. பழைய மீனெல்லாம் நல்லா இருக்கு, தண்ணி டெஸ்ட் இதோ. அதே தொட்டி மீன் இப்ப எப்படி இருக்கு, பார்க்கலாமா?" இந்தக் கடைசிக் கேள்வியை விடாதீர்கள். கடையிலும் அந்த லோடு செத்திருந்தால் மறுக்க முடியாது. தொட்டி காலியாக இருந்தால் எங்கே போயின என்று கேளுங்கள்.

பணம் திரும்பக் கிடைப்பது அபூர்வம். மாற்று மீன் அல்லது அந்தத் தொகைக்குத் தீனி, மருந்து என்றுதான் வரும். மாற்று மீன் என்றால் அதே தொட்டியிலிருந்து அன்றே எடுத்துக்கொள்ளாமல், அடுத்த லோடில் தருவதாக எழுதி வாங்குங்கள்.

ஒத்துவரவில்லை என்றால் எங்கே புகார் செய்வது?

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதில் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, பிரச்சினை நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

200 ரூபாய் மீனுக்கு ஆணையம்வரை அலைவது நேரத்துக்குக் கட்டாது. 1915 புகாரோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் போட்ட ஃப்ளவர்ஹார்ன், அரோவானா மீன்கள், பெரிய தொட்டி என்றால் விடாதீர்கள்.

பார்சலில் வரவழைத்த மீன் செத்து வந்தது.

அனுப்பும் முன்பே, செத்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். பாக்கெட்டைப் பிரிக்கும் முன்பிருந்தே வெட்டாமல் ஒரே வீடியோ எடுங்கள், பார்சல் சீட்டும் தெரிய வேண்டும். மூடிய பாக்கெட்டுக்குள் செத்த மீன் தெரிந்தால்தான் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். பஸ் பார்சல் தாமதமானால் பொறுப்பு யாருடையது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கடையில் உயிருள்ள பவளமும் கடல் குதிரையும் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

கூடாது. இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. விற்பது மட்டுமில்லை, வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

கூகுளில் ரிவ்யூ எழுதலாமா? வழக்குப் போடுவேன் என்கிறார்.

நடந்ததை நடந்தபடி எழுதலாம்: எந்தத் தேதி, என்ன வாங்கினீர்கள், என்ன சொன்னார்கள், என்ன ஆனது, போய்க் கேட்டபோது என்ன பதில். திருடன், மோசடிக்காரன் போன்ற சொற்களும், கடைக்காரர் குடும்பத்தைப் பற்றிய பேச்சும் வேண்டாம். தொட்டியில் செத்த மீன் கிடந்த போட்டோ உங்களிடம் இருந்தால் அதைப் போடுங்கள். பிறகு கடைக்காரர் சரிசெய்து கொடுத்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்தவர் படித்து முடிவெடுக்க அதுவும் தேவை.

பெரிதாகிவிட்ட மீனைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. ஏரியில் விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். தமிழ்நாட்டு ஏரி, குளங்களில் இன்று வலையை இழுத்தால் சக்கர் மீன் வருகிறது. முள்ளால் வலை கிழிகிறது, விலைக்கும் போகாது. இந்தத் தென் அமெரிக்க மீன் இங்கே வந்தது தொட்டிகள் வழியாகத்தான்.

கொளத்தூரில் பெரிய மீன்களை எடுத்துக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. பணம் தர மாட்டார்கள், இடம் தருவார்கள். பெரிய தொட்டி வைத்திருக்கும் மீன் வளர்ப்பாளர்களின் வாட்ஸாப் குழுக்களில் போட்டாலும் ஆள் கிடைக்கும். அடுத்த முறை ஆஸ்கரோ ஷார்க்கோ வாங்கும்போது, பெரிதானால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். எடுத்துக்கொள்கிறேன் என்றால் அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.